கோணல் தாடைக்கு ஆபரேஷன்: 18 மாதம் கழித்து, காதோர மூட்டு பற்றி ஒரு ரிவ்யூ

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாதபோதே "எப்படி இருந்தது, எழுதேன்" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அப்போது எழுதியிருந்தால் முகத்தைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். மோவாய் மூக்குக்கு நேர்கீழே வந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்து அழுத கதைதான் வந்திருக்கும். இப்போது 18 மாதம் ஆகிவிட்டது. முகம் எப்படி வரும் என்பது ஆறு வாரத்தில் ஓரளவு தெரிந்துவிடுகிறது, ஆனால் காதுக்கு முன்னால் இருக்கிற அந்த மூட்டு என்ன செய்யப்போகிறது என்பது ஒரு வருடம் போனால்தான் தெரிகிறது. எனக்கு யாரும் இதை முன்கூட்டியே அழுத்திச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த தனியார் மருத்துவமனை, அவ்வளவுதான் சொல்வேன். நான் கும்பகோணம், வயது 27, கூட்டுறவு வங்கியில் கவுன்டரில் உட்காரும் வேலை. நாள் முழுக்க எதிரே நிற்பவரின் கண் என் முகத்தில்தான் இருக்கும்.

பதினைந்து வயது வரை என் முகம் நேராகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மோவாய் இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. அம்மா "ஒரே பக்கமா படுத்துத் தூங்கிற, அதான்" என்பார். அதெல்லாம் இல்லை. வலப்பக்கத்து மூட்டுத்தலை, அதாவது காதுக்கு முன்னால் குழிக்குள் உட்காரும் கீழ்த்தாடையின் மேல்முனை, அது மட்டும் நிற்காமல் வளர்ந்து, மொத்தத் தாடையையும் இடது பக்கமாகத் தள்ளியிருக்கிறது. கடைசியில் அளந்தபோது 7 மி.மீ. கேட்க ஒன்றுமில்லாத அளவு மாதிரி இருக்கும், முகத்தில் அது ரொம்பப் பெரிசு. இடது பக்கம் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே போய்க் கடித்தன, முன்பற்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது, தோசையைக் கடித்து இழுக்க முடியாது, பிய்த்துக் கடைவாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இடது காதோரம் வாயைத் திறக்கும்போதெல்லாம் "டொக்" என்று ஒரு சத்தம். பக்கத்து சீட்டு அக்காவுக்கே கேட்கும்.

முதலில் ஊரிலேயே ஒரு கிளினிக்குக்குப் போனோம். கிளிப் போட்டாலே சரியாகிவிடும் என்றார்கள். 14 மாதம் போட்டேன். பற்கள் சாய்ந்து சாய்ந்து கோணலை மறைக்கப் பார்த்தன, தாடை இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு சென்னையில் அந்தச் சாய்வை எல்லாம் பிரித்து, பற்களை எலும்பின் நடுவில் நிமிர்த்தி நிறுத்த இன்னொரு 15 மாதம் கிளிப் போட வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் போடும் கிளிப்பின் வேலையே இதுதான்: பற்களை ஒழுங்காக நிமிர்த்தும்போது கோணல் முன்பைவிட அதிகமாகத் தெரியும். அந்த மாதங்கள் மனசுக்கு ரொம்பக் கஷ்டம். தயாராக இருங்கள். எலும்பில் இருக்கிற கோணலைப் பல்லால் மட்டும் நேராக்குகிறோம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் பிடித்தது, சர்ஜன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மூட்டைத் தொட்டுப் பார்த்ததுதான். இரண்டு காதுகளுக்கும் முன்னால் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு "திறங்கம்மா, மூடுங்க, மெதுவா, இன்னொரு தடவை" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைப் பற்களுக்குக் குறுக்கே கடிக்கச் சொல்லி, எட்ட நின்று, குச்சியும் என் இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். மட்டமாக இருந்தது. அப்படியென்றால் மேல்தாடை சரிந்து வளரவில்லை, கீழ்த்தாடையில் மட்டும் ஆபரேஷன் போதும் என்று அர்த்தம். குச்சி சரிந்திருந்தால் மேல்தாடையையும் வெட்டி நகர்த்த வேண்டியிருக்கும், வேலை இரண்டு மடங்கு.

போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், ஒன்று எடுக்கச் சொன்னார். டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, பிறகு படம் எடுப்பார்கள். எலும்பு எங்கே வேலை செய்துகொண்டிருக்கிறதோ அங்கே அந்த மருந்து அதிகமாகச் சேரும். இரண்டு மூட்டுகளையும் சேர்த்து நூறு என்று வைத்தால், ஒரு பக்கம் 55-க்கு மேல் போனால் அந்தப் பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். எனக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். வளர்ச்சி நின்றுவிட்டது. இதைப் பார்க்காமல் ஆபரேஷன் செய்து, வளர்ச்சி நிற்காமல் இருந்தால், திரும்பவும் கோணிக்கொள்ளலாம். உங்கள் கோணல் சமீப வருடங்களிலும் கூடிக்கொண்டே போகிறது என்றால் இந்த ஸ்கேன் பற்றி நீங்களே கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம். இடது மூட்டில், எலும்புக்கும் குழிக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கவேண்டிய டிஸ்க் முன்னால் நழுவியிருந்தது, வாயைத் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. திரும்பி வரும் அந்த நொடியில் கேட்பதுதான் டொக். கோணல் தாடைக்காரர்களுக்கு மோவாய் நகர்ந்த பக்கத்தில் இந்த டிஸ்க் பிரச்சினை இருப்பது அடிக்கடி பார்ப்பதுதான் என்றார்.

நான் கேட்டேன், "ஆபரேஷன் பண்ணா இந்தச் சத்தம் போயிடுமா டாக்டர்?" அவர் சொன்ன பதிலுக்காகவே அவருக்கு முழு மார்க். "போகலாம், குறையலாம், அப்படியே இருக்கலாம். சிலருக்கு இல்லாத பக்கம் புதுசா வரவும் செய்யும். சத்தத்துக்காக இந்த ஆபரேஷன் பண்ணாதீங்கம்மா, பல்லெல்லாம் சரியா சேர்ற கடிக்காகவும் முகத்துக்காகவும் பண்ணிக்கணும்னா பண்ணிக்குங்க." இவ்வளவு நேராகப் பேசுகிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அதே ஆஸ்பத்திரி கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் மூட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில், பதினாலாவதோ பதினைந்தாவதோ வரியாக. அம்மாவால் அதைப் படிக்கவே முடியவில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழில் ஒரு படிவம் கொடுக்க முடியாதா என்று அன்றே கேட்டேன், சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, மூட்டு ஏன் மாறுகிறது என்பதற்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு மறுநாள், பேச முடியாமல் வார்டில் படுத்துக்கொண்டு, ஒரு நோட்டில் எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நைட் டியூட்டியில் இருந்த, மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர், என்னைவிடச் சின்னப் பையன், "அக்கா, தூங்குங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் நோட்டை வாங்கிப் படம் போட்டே காட்டினார். கீழ்த்தாடை ஒரே எலும்பு, ஆனால் அதற்கு இரண்டு மூட்டு. ஒரு கதவுக்கு இரண்டு கீல் மாதிரி. ஒரு கீல் கொஞ்சம் பிசகினாலும் கதவு உரசும். ஆபரேஷனில் தாடையின் பின்பகுதியை, மூங்கிலைப் பிளப்பது போல, இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளக்கிறார்கள். பற்கள் இருக்கிற முன்துண்டு தனியாக வரும், மூட்டு இருக்கிற பின்துண்டு அங்கேயே நிற்கும். முன்துண்டைத் திட்டமிட்ட இடத்துக்கு நகர்த்திவைத்து, டைட்டானியம் பிளேட்டும் குட்டி ஸ்குருவும் போட்டுப் பின்துண்டோடு சேர்க்கிறார்கள். 1957-இல் ட்ரௌனர், ஒப்வெகெசர் என்ற இரண்டு சர்ஜன்கள் எழுதிய முறை, 1961-இல் டால் பான்ட் என்பவர் வெட்டும் இடத்தை மாற்றினார், இன்றைக்கும் அடிப்படை அதுதான் என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு நிம்மதி. நேற்று வந்த வேலை இல்லையே.

இரண்டு பக்கமும் ஒரே அளவு பின்னால் தள்ளினால் பிரச்சினை குறைவு. கோணல் தாடையில் அப்படி இல்லை. எனக்கு வலது பக்கம் 6 மி.மீ. பின்னால் போகவேண்டும், இடது பக்கம் 1 மி.மீ. அதாவது முன்துண்டு நகர்வதோடு நிற்காமல் திரும்புகிறது. திரும்பும்போது ஒரு பக்கம் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடைவெளி விழும், இன்னொரு பக்கம் எலும்பு எலும்போடு முட்டும். "இந்த இடைவெளிய மூடணும்னு ஸ்குருவை முடுக்கினா ரெண்டு எலும்பும் ஒட்டிக்கும்க்கா, ஆனா பின்துண்டு திரும்பிடும். பின்துண்டு திரும்பினா அதோட மேல்முனையில இருக்கிற மூட்டுத்தலையும் குழிக்குள்ள திரும்பிடும்." என் நோட்டில் அவர் போட்ட அந்தப் படம் இன்னும் இருக்கிறது. முட்டுகிற இடத்தைச் செதுக்கிவிட்டு, பிளேட்டை இடைவெளிக்குத் தகுந்தபடி வளைத்து, இடைவெளியை அப்படியே விட்டு மாட்டுவதுதான் நல்ல வேலை. எனக்கு அப்படித்தான் செய்திருந்தார்கள். முன்காலத்தில் கம்பியால் கட்டி ஆறு வாரம் வாயையே பூட்டிவைப்பார்கள், அது கஷ்டம்தான், ஆனால் கம்பி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிளேட் விட்டுக்கொடுக்காது. மூட்டுத்தலை எந்த இடத்தில் இருக்கும்போது ஸ்குரு போட்டார்களோ அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு சிக்கல். மயக்கத்தில் மல்லாக்கப் படுத்திருக்கும்போது தசை முழுக்கத் தளர்ந்திருக்கும். அப்போது மூட்டுத்தலை குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை சர்ஜன் தன் கை உணர்வில்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார். கம்ப்யூட்டரில் முப்பரிமாணத் திட்டம் போட்டு, பற்களுக்கு நடுவே வைக்க ஸ்ப்ளின்ட் என்ற பிளாஸ்டிக் அச்சைப் பிரின்ட் எடுத்து, எல்லாம் இருக்கிறது, ஆனால் அது பற்கள் எங்கே வரவேண்டும் என்றுதான் சொல்லும். நான் முழித்து எழுந்து உட்கார்ந்ததும் தசை இறுகும், மூட்டுக்குள் இருக்கிற வீக்கம் ஒரு பக்கம் தள்ளும். அதனால் ஆபரேஷன் முடிந்த உடனே எடுக்கும் ஸ்கேனில் மூட்டுத்தலை பழைய இடத்தில் இல்லாமல் கொஞ்சம் கீழேயோ, வெளிப்பக்கமோ நகர்ந்திருப்பது சாதாரணம். பிறகு மாதக்கணக்கில் அது பழைய இடத்தை நோக்கித் திரும்பி வரப் பார்க்கும். முழுசாக வராது. வராத மிச்சத்துக்கு எலும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது எனக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆபரேஷன் நாளைப் பற்றி அதிகம் இல்லை. மூக்கு வழியாகக் குழாய், மூன்றரை மணி நேரம், முழித்தபோது முகம் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது, வலி நான் பயந்த அளவு இல்லை. முதல் இரண்டு வாரம் எல்லாமே தண்ணியாக: கஞ்சி, பருப்புத் தண்ணி, இளநீர், வடிகட்டின ராகிக் கூழ், சிரிஞ்சில் ட்யூப் மாட்டிக் கன்னத்தோரம் விட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் வாரம் அம்மா இட்லியை ரசத்தோடு மிக்சியில் அடித்துக் கொடுத்தார், அது அமிர்தம். ஆறு கிலோ குறைந்தேன். கீழுதட்டின் வலது பாதி ஐந்து மாதம் மரத்திருந்தது, இப்போது மோவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் மந்தமாக இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு அந்த வெட்டு விழும் எலும்புக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் மரத்துப்போவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் வரும், பெரும்பாலும் திரும்பிவிடும்.

மூன்றாம் வாரம், மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் சேர்த்து மாட்டியிருந்த ரப்பரைக் கழற்றி வாயைத் திறக்கச் சொன்னபோது 12 மி.மீ. திறந்தது. ஒரு விரல்கூட நுழையாது. சாதாரணமாக மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியவேண்டும், 40 மி.மீ. பக்கம். அந்த வாரமே பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தது ஒன்பதாம் வாரம். நடுவில் பி.ஜி. டாக்டர்கள் மாறிவிட்டார்கள், புதிதாக வந்தவர் பழையவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். போன் செய்து கேட்டால் ரிசப்ஷனில் "அடுத்த விசிட்ல பாத்துக்கலாம் மேடம்" என்பார்கள். கும்பகோணத்திலிருந்து ஒவ்வொரு விசிட்டுக்கும் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு அன்று ராத்திரியே திரும்ப ஏறுகிறவளிடம் "அடுத்த விசிட்" என்று சாதாரணமாகச் சொல்வது பெரிய தப்பு. கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் இது எங்கும் நடக்கலாம், ஆகவே உங்களுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, தேதி, மி.மீ., யார் என்ன சொன்னார்கள் என்று நீங்களே எழுதி வையுங்கள். எனக்கு அந்த நோட்டுதான் கை கொடுத்தது.

பயிற்சி என்பது இதுதான். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கடைவாய்ப் பக்கம் வைத்து, வலிக்கும் எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, அரை நிமிடம் பிடிக்க வேண்டும். சில நாள் கழித்து ஒரு குச்சி கூட. ஒரு குச்சி ஏறக்குறைய 2 மி.மீ. இதைவிடக் கஷ்டம் நேராகத் திறப்பது. எனக்கு வாய் திறக்கத் திறக்க மோவாய் இடப்பக்கம் ஓடும், ஏனென்றால் இடது மூட்டு முன்னால் வழுக்கி வரத் தயங்குகிறது, வலது வந்துவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருவர், ரொம்பப் பொறுமைசாலி, கண்ணாடியில் நேர்கோடு போட்டுப் பழகச் சொன்னார். நான் ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட்டை எடுத்து, சின்ன சைஸ் பொட்டாகப் பார்த்து, பீரோ கண்ணாடியில் மேலிருந்து கீழாகப் பதினொன்று ஒட்டினேன். மூக்கு நுனி ஒரு பொட்டில், மோவாய் நுனி கீழ்ப் பொட்டில். நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மோவாய் அந்தப் பொட்டு வரிசையைவிட்டு விலகாமல் இறங்க வேண்டும். விலகினால் நிறுத்து, மூடு, மறுபடி. காலையில் குளித்ததும் பத்து, ராத்திரி படுக்கப்போகும் முன் பத்து. முதல் மாதம் மூன்றாவது பொட்டிலேயே ஓடிவிடும். நாலாவது மாதம் எட்டு பொட்டு வரை நேராக வந்தது. என் நோட்டில் உள்ள கணக்கு: ஒன்பதாம் வாரம் 22, மூன்றாம் மாத முடிவில் 29, ஆறாம் மாதம் 36, ஒரு வருடத்தில் 41.

ஐந்தாம் மாதம்தான் பயந்துபோனேன். இடது பக்கச் சத்தம் ஆபரேஷனுக்குப் பிறகு அடங்கியே இருந்தது. ஒரு நாள் வங்கியில் நகைக்கடன் ரசீது போட்டுக்கொண்டிருக்கும்போது கொட்டாவி வந்தது, வலது காதோரம், ஒருநாளும் சத்தமே போடாத பக்கம், சட்டென்று ஒரு கிளிக். அதற்கப்புறம் சாப்பிடும்போதெல்லாம். ஒரு வாரத்தில் வலியும் சேர்ந்துகொண்டது, காலையில் எழுந்தால் காதைச் சுற்றி ஒரு கனம். ராத்திரி முழுக்கப் போனில் தேடி, மூட்டுத்தலை கரைந்துபோகும் ஒரு நிலைமை இருக்கிறது என்று படித்துவிட்டேன். அது உண்மைதான், இருக்கிறது. மூட்டுத்தலை உயரம் குறைந்துகொண்டே போய், மோவாய் பின்னால் இறங்கி, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்துகொள்ளும். இளம் பெண்களுக்கும், தாடையை நிறைய முன்னால் இழுத்து ஆபரேஷன் செய்தவர்களுக்கும், முன்பே மூட்டுக் கோளாறு இருந்தவர்களுக்கும் அதிகம் வருவதாகப் படித்தேன். என்னிடம் இரண்டு பொருந்தியது. தூக்கம் போச்சு.

இங்கேதான் அந்த சர்ஜனை மறுபடி சொல்ல வேண்டும். ரிசப்ஷனில் தேதி கிடைக்காமல், என் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டே நாளில் வரச் சொன்னார். சி.பி.சி.டி. என்ற முப்பரிமாணத் தாடை ஸ்கேன் எடுத்து, ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, ஆபரேஷன் முடிந்த வாரம் எடுத்தது, இது, மூன்றையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு நிறம். என் மூட்டுத்தலையை அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பலாக்கொட்டை போல, அகலவாட்டில் நீளமாக, உருண்டையாக இருக்கிறது. வலப்பக்கம் ஆபரேஷன் முடிந்த வாரத்தில் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இறங்கி, லேசாக உள்பக்கம் திரும்பி இருந்தது. ஐந்தாம் மாதத்தில் மேலே ஏறியிருக்கிறது, திரும்பினது பாதி நேராகியிருக்கிறது. முன்மேல் பக்கத்தில் கொட்டையின் வளைவு கொஞ்சம் தட்டையாகியிருந்தது.

என் கண் அந்தத் தட்டையான இடத்திலேயே நின்றதைப் பார்த்துவிட்டு, அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். "இந்த வெள்ளைக் கோடு தெரியுதா? எலும்போட மேல்தோல் மாதிரி இது. முழுசா, உடையாம ஓடுது பாருங்க. கரையிற மூட்டுல இந்தக் கோடு அரிச்ச மாதிரி இருக்கும். உங்களுது அரிக்கல, புது இடத்துக்குத் தகுந்த மாதிரி தேய்ஞ்சு வடிவம் மாறுது." அப்புறம் முன்பற்களைக் கடிக்கச் சொல்லி, நடுவில் மெல்லிசுத் தாளை வைத்து இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை, பற்கள் பிடித்துக்கொண்டன. "கடி மாறல. கடி மாறாம, உயரம் குறையாம, வெறும் வளைவு மட்டும் மாறினா அது மூட்டு பழகிக்கிறதுன்னு எடுத்துக்கலாம். ஆனா விடமாட்டேன், ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம்." நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன், பேச்சே வரவில்லை.

ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு ஸ்ப்ளின்ட், ஆறு வாரம் மென்மையான சாப்பாடு, முறுக்கு சீடை கரும்பு எதுவும் கூடாது, காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம், சில நாள் வலி மாத்திரை. எட்டாம் மாதம் வலி போய்விட்டது. ஒரு வருட ஸ்கேனில் வலது மூட்டுத்தலை அதே தட்டையோடு நின்றிருந்தது, மேலும் மாறவில்லை, கோடு முழுசாக இருந்தது. இடது பக்கம் எனக்கு ஆச்சரியம்: முன்பு சிறியதாக, ஒடுங்கி இருந்த அந்தக் கொட்டை பின்பக்கம் லேசாகப் பருத்திருந்தது. வலது பக்கக் கிளிக் இன்னும் இருக்கிறது, கொட்டாவியில் மட்டும், வலி இல்லாமல். இடது பக்கம் எப்போதாவது. சத்தம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

செலவு. ஆபரேஷன், தங்கியது, மயக்க மருந்து டாக்டர், பிளேட் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் 2,40,000 ரூபாய் என்றார்கள். கிளிப் தனி. ஆபரேஷனுக்குப் பிந்தைய மூன்று ஸ்கேனும், ராத்திரி ஸ்ப்ளின்ட்டும், பிசியோதெரபியும் பேக்கேஜில் இல்லை, முன்னால் சொல்லவும் இல்லை. தனித்தனியாகக் கட்டினது 26,000 பக்கம் வந்தது, ரயில் செலவு சேர்க்காமல். மூட்டை ஒரு வருடம் கவனிப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பாகம் என்றால் அது பேக்கேஜுக்குள் இருக்க வேண்டும், வெளியே வைத்தால் பணமில்லாதவர் அதைத்தான் முதலில் விடுவார். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அழகுக்காகச் செய்தது என்று தள்ளிவிட்டது. சர்ஜன் கடிக் கோளாறு, மெல்ல முடியாதது, மூட்டு எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் வைத்து ஒரு கடிதம் கொடுத்த பிறகு பாதியை ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி முன்அனுமதி கேளுங்கள், பிறகு அலையாதீர்கள்.

மார்க் போடச் சொன்னால் சர்ஜனுக்கும் அவர் கை வேலைக்கும் ஐந்துக்கு ஐந்து. வார்டு நர்ஸ்களுக்கும் அப்படியே, மூன்று ராத்திரி என் மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்த அந்த அக்காவை மறக்க மாட்டேன். பிசியோதெரபி நன்றாக இருந்தது, ஆறு வாரம் தாமதம், ஆகவே மூன்று. ரிசப்ஷன், பில், படிவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று.

இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் "எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். என் மூட்டுத்தலையை ஸ்கேனில் எனக்குக் காட்டுவீர்களா, ஸ்குரு போடும்போது அது திரும்பாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் எந்தெந்த மாதம் மூட்டைப் பார்ப்பீர்கள், பயிற்சி எந்த வாரம் ஆரம்பிக்கும், அதை யார் சொல்லித்தருவார் என்று கேளுங்கள். முகத்தின் போட்டோக்களை மட்டும் காட்டுகிற இடத்தில் நான் படுக்க மாட்டேன். அதே நேரம் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எதற்கு என்று காரணம் கேளுங்கள், கதிர்வீச்சு சும்மா வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் இல்லை. மூட்டில் இப்போதே கடும் வலி இருக்கிறவர்கள் அதை முதலில் அடக்கிவிட்டுத்தான் ஆபரேஷன் பற்றிப் பேசவே வேண்டும் என்பது என் அபிப்பிராயம், என் சர்ஜனும் அப்படித்தான் சொன்னார்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா பீரோவைக் கிளறி என் ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ, பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், அத்தை கல்யாணத்தில் எடுத்தது, காலேஜ் அடையாள அட்டை என்று ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். சர்ஜன் அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கி, ஒரு நூலை நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒவ்வொரு படத்தின் மேலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்து, ஹால் டிக்கெட்டில் நின்று, "இங்கதான் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.